அரசுக் கொள்முதலுக்குத் துறைகளின் தரவை இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு துறை சென்ற மாதம் கறுப்புப் பட்டியலில் வைத்த நிறுவனம், இந்த மாதம் இன்னொரு துறையின் டெண்டரில் மிகக் குறைந்த விலை கேட்டு முதலிடத்தில் நிற்கிறது. கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு அது தெரியாது. அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்று வரித்துறைக்குத் தெரியும். அதன் இயக்குநர் வேறு எந்தெந்த நிறுவனங்களில் இருக்கிறார் என்று நிறுவனப் பதிவாளருக்குத் தெரியும். இருநூறு தொழிலாளர்கள் இருப்பதாக டெண்டரில் எழுதியிருந்தாலும், மூன்று பேருக்கு மட்டும்தான் சந்தா கட்டப்படுகிறது என்று தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரியும். ஆக, அரசுக்கு எல்லாம் தெரியும். வாங்குகிற அதிகாரிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இந்த இடைவெளியை அடைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எல்லாத் துறைகளின் தரவையும் ஒரே இடத்தில் கொட்டும் பெரிய தளம் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மென்பொருளுக்கு டெண்டர் விடுவார்கள், குழு அமைப்பார்கள், இரண்டு வருடம் ஓடிவிடும். அப்புறம் பார்த்தால் தளம் இருக்கும், அதைத் திறந்து பார்த்து முடிவெடுப்பவர் இருக்க மாட்டார். இந்த வழிகாட்டி எதிர்த்திசையில் போகிறது. எடுக்க வேண்டிய முடிவு என்ன என்று முதலில் பார்த்து, அதற்குத் தேவையான துண்டுத் தரவை மட்டும் கொண்டுவருவதுதான் இதன் வழி.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

ஒரு கொள்முதலில் முடிவெடுக்கும் தருணங்கள் அதிகம் இல்லை. என்ன வாங்குவது, மதிப்பீடு எவ்வளவு, யார் தகுதியானவர், கேட்ட விலை நியாயமா, ஒப்பந்தத்தைத் திருத்தலாமா, பில்லுக்குப் பணம் விடுவிக்கலாமா, வேலை முடிந்ததாகக் கணக்கை மூடலாமா. அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: முடிவெடுப்பவர் யார், அவருக்குத் தெரிய வேண்டியது என்ன, அது யாரிடம் இருக்கிறது, எத்தனை நேரத்துக்குள் வேண்டும்.

“ஒப்பந்ததாரர்களின் முழு விவரம் வேண்டும்” என்பது கேள்வியே அல்ல. “விலைப்புள்ளி திறக்கும் நாளில் இந்த நிறுவனத்துக்கு வரி நிலுவை இருக்கிறதா?” என்பது கேள்வி. இரண்டாவதை எழுதிவிட்டால் எந்தத் துறையிடம், எந்தப் புலத்தை (பதிவேட்டின் ஒரு கட்டத்தில் இருக்கும் விவரத்தை), எப்போது கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஒரு சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள்: பதில் ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் முடிவு மாறாது என்றால், அந்தத் தரவு உங்களுக்கு வேண்டாம். பட்டியலின் பாதி இந்தச் சோதனையிலேயே காணாமல் போகும். போகட்டும்.

படி 2: யாரிடம் என்ன இருக்கிறது என்று நேரில் பாருங்கள்

சுற்றறிக்கை அனுப்பி “உங்களிடம் உள்ள தரவுகளைத் தெரிவிக்கவும்” என்று கேட்டால் எல்லாத் துறையிலிருந்தும் அழகான பட்டியல் வரும். அதை நம்பி இறங்காதீர்கள். அந்தத் தரவைத் தினமும் பதிவு செய்யும் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பொதுவாகத் தேட வேண்டிய இடங்கள் இவை:

- நிறுவனப் பதிவாளர்: பதிவு நாள், இயக்குநர்கள், பங்குதாரர்கள், முகவரி.
- வரித்துறை: தாக்கல் நிலை, நிலுவை, விற்றுமுதல்.
- கருவூலம்: நிதி ஒதுக்கீடு, பில் வந்த நாள், பணம் போன நாள்.
- தணிக்கைத் துறை, போட்டி ஆணையம் (நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் அமைப்பு), நீதிமன்றம்: ஆட்சேபங்கள், அபராதங்கள், திவால் வழக்குகள்.
- சுங்கத்துறை: இறக்குமதிப் பொருளுக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பு.
- கொள்முதல் தளம்: யார் எந்தக் கணினி முகவரியிலிருந்து விலைப்புள்ளி போட்டார் என்பது வரை.

ஒவ்வொரு புலத்துக்கும் பொருள் கேளுங்கள். பதிவாளரிடம் ஒரு நிறுவனம் “செயல்பாட்டில் உள்ளது” என்றிருந்தால் அது இன்னும் கலைக்கப்படவில்லை என்று மட்டுமே அர்த்தம். அங்கே வியாபாரம் நடக்கிறது என்று அர்த்தமல்ல. கருவூலத்தில் “பில் பெறப்பட்ட நாள்” என்பது ஒப்பந்ததாரர் பில் கொடுத்த நாளா, கணினியில் ஏற்றிய நாளா? இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் ஒளிந்திருக்கலாம். இந்த விளக்கங்களை ஓர் அகராதியாக எழுதி வைப்பது சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பிற்பாடு தவறான கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

படி 3: சட்ட அடிப்படையும் குறைந்தபட்சப் பகிர்வும்

வரித்துறை “ரகசியக் காப்பு விதி இருக்கிறது, தர முடியாது” என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அந்த விதி உண்மையிலேயே இருக்கிறது, அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. உங்கள் கேள்வியைச் சுருக்குவதுதான் வழி. நிலுவைத் தொகை எவ்வளவு, எந்த ஆண்டுக்கு, என்ன வழக்கு என்பதெல்லாம் கொள்முதல் அதிகாரிக்கு எதற்கு? தகுதி நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறதா, இல்லையா? ஒற்றைச் சொல் பதில் போதும். விண்ணப்பிக்கும்போதே நிறுவனம் இந்தச் சரிபார்ப்புக்குச் சம்மதம் தெரிவிக்கும்படி டெண்டர் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் பல நாடுகளில் தடை அங்கேயே விலகிவிடுகிறது.

துறைகளுக்கு இடையே போடும் ஒப்பந்தத்தில் நோக்கம், புலங்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யார் பார்த்தார் என்ற பதிவு, பிழையைத் திருத்தும் பொறுப்பு, செலவு யாருடையது என்பதெல்லாம் இருக்க வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகி, போட்டோவும் எடுத்து, அதோடு நின்றுபோன இணைப்புகள் ஏராளம். அப்படி ஆகாமல் இருக்க, முதல் தரவு எந்தத் தேதியில் வரும், அனுப்புபவர் எந்தப் பதவியில் இருப்பவர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

துறைகளுக்குள் பகிர்வதும் பொதுமக்களுக்கு வெளியிடுவதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 நவம்பரில், நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் (பெயருக்கு யார் இருந்தாலும் பின்னாலிருந்து நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவர்) பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைத் தனியுரிமை காரணமாக ரத்து செய்தது. தகுதியுள்ள அரசு அமைப்புகள் பார்ப்பதை அது தடுக்கவில்லை. இந்தக் கோட்டை முதலிலேயே தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். யார் யார் டெண்டரில் கலந்துகொள்கிறார்கள் என்ற விவரம் விலைப்புள்ளி திறப்பதற்கு முன் பல கணினிகளுக்குப் போனால், போட்டியாளர்கள் கூடிப் பேசிக்கொள்ள நீங்களே வழி செய்ததாகிவிடும். திறந்த பிறகு பகிர வேண்டியதை அதற்கு முன்னால் பகிராதீர்கள்.

படி 4: ஒரே நிறுவனம்தானா?

மொத்த வேலையின் கடினமான பகுதி இது. நேரமும் பணமும் அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்.

ஒவ்வொரு துறையும் ஒரே நிறுவனத்தைத் தனக்குப் பிடித்த பெயரில் எழுதி வைத்திருக்கும். ஒன்றில் “அண்ட் கோ”, இன்னொன்றில் “அண்ட் கம்பெனி”. முகமது என்ற ஒற்றைப் பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பெயரை வைத்துத் தரவை இணைக்க முயன்றால் இரண்டு பக்கமும் அடிபடும்: ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணித் தப்பவிடுவீர்கள், இரண்டு பேரை ஒருவராக எண்ணி நிரபராதியைத் தள்ளுவீர்கள்.

எனவே எண் வேண்டும். அமெரிக்க மத்திய அரசு வெகுகாலம் ஒரு தனியார் நிறுவனம் வழங்கிய 9 இலக்க எண்ணை நம்பியிருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் தானே வழங்கும் 12 எழுத்து அடையாளத்துக்கு மாறியது. இந்தியாவில் ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளுக்குள் 3 முதல் 12 வரையிலானவை பான் எண். ஒரே நிறுவனம் பல மாநிலங்களில் பல ஜிஎஸ்டி எண்களோடு இருந்தாலும், நடுவில் உள்ள பான் எண்ணைப் பிரித்தெடுத்து ஒன்றுசேர்த்துவிடலாம். எல்லை தாண்டிய நிறுவனங்களுக்கு 20 எழுத்து கொண்ட சர்வதேச சட்ட நிறுவன அடையாள எண் உதவும்.

புதிதாக ஓர் எண்ணை உருவாக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பதிவு எண் அல்லது வரி எண்ணை எடுத்து, அதை எல்லாப் படிவத்திலும் கட்டாயமாக்குங்கள். எழுதும்போதே சரிபார்க்கச் செய்யுங்கள். கண்டபடி எழுதிவிட்டுப் பிறகு சுத்தம் செய்வதைவிட, தவறான எண்ணைத் தளம் ஏற்காமல் இருப்பது பல மடங்கு மலிவு.

பழைய தரவுக்கு எண் இருக்காது. அதற்கு இப்படிச் செய்யலாம்:

1. பெயரில் உள்ள “பிரைவேட் லிமிடெட்” போன்ற ஒட்டுகள், புள்ளிகள், இடைவெளிகளை நீக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.
2. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. முகவரி, தொலைபேசி, வங்கிக் கணக்கு, பதிவு நாள் ஆகியவற்றில் குறைந்தது இன்னொன்றாவது பொருந்த வேண்டும்.
3. நிச்சயமானவை, சந்தேகமானவை, பொருந்தாதவை என்று மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் இருப்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.
4. முடிவைக் காரணத்தோடு சேமியுங்கள். அடுத்த முறை அதே ஜோடியை இன்னொருவர் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நிறுவனத்தின் எண்ணோடு நின்றுவிடவும் முடியாது. தடை விதிக்கப்பட்டவர் அடுத்த வாரமே மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ புதுக் கம்பெனி பதிந்துவிடுவார்; எண் சுத்தமாகப் புதிது. அங்கேதான் இயக்குநர், முகவரி, உண்மையான உரிமையாளர் விவரங்கள் கைகொடுக்கும். பணச் சலவைத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எப்ஏடிஎப், 2022 மார்ச்சில் திருத்திய தன் 24-ஆம் பரிந்துரையில், அரசுக் கொள்முதலின்போது உண்மையான உரிமையாளர் தகவலை அதிகாரிகள் பெற வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. அந்தத் தகவல் நிறுவனமே எழுதிக்கொடுப்பதுதான், எனவே பொய்யும் இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய், பின்னால் நடவடிக்கைக்கு ஆதாரமாகும்.

படி 5: வாங்கும் காரியத்துக்கும் ஓர் எண், பொருளுக்கும் ஓர் எண்

திட்டமிடலில் ஒரு கோப்பு எண், டெண்டரில் வேறொரு எண், ஒப்பந்தத்தில் மூன்றாவது, கருவூலத்தில் நான்காவது. அப்புறம் “இந்தப் பாலத்துக்குக் கடைசியில் எவ்வளவு செலவானது?” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 2014-இல் வெளிவந்த திறந்த ஒப்பந்தத் தரவுத் தரம் இதற்காகத்தான் ஒரு கொள்முதலைத் திட்டமிடல், டெண்டர், தேர்வு, ஒப்பந்தம், நிறைவேற்றம் என்று ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஐந்துக்கும் ஒரே அடையாளத்தைக் கொடுக்கிறது. உக்ரைன் 2016 ஆகஸ்டில் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமாக்கிய புரோசோரோ தளம் இந்தத் தரத்தில் தரவை வெளியிடுகிறது. உங்கள் தளம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரே எண்ணை எல்லாக் கட்டத்திலும் எழுத ஒரு புலம் சேர்ப்பதில் தொடங்கலாம்.

பொருளுக்கு ஐரோப்பிய சிபிவி, ஐ.நா. உருவாக்கிய யுஎன்எஸ்பிஎஸ்சி போன்ற 8 இலக்கக் குறியீடுகள் இருக்கின்றன. அவை போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். “மேசைக் கணினி” என்ற குறியீடு, சாதாரணக் கணினிக்கும் அதிகத் திறனுள்ள விலையுயர்ந்த கணினிக்கும் ஒன்றுதான். அலகு இன்னொரு தொல்லை: ஒரு துறை மருந்தை மாத்திரைக் கணக்கில் வாங்கும், இன்னொன்று பெட்டிக் கணக்கில். விலை ஒப்பீடு செய்ய விரும்பினால் அடிக்கடி வாங்கும் சில பொருள்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு விவரக்குறிப்பு, அலகு, வரி, போக்குவரத்து, உத்தரவாதம் எல்லாவற்றையும் தனித்தனிப் புலமாக்குங்கள். மற்றவற்றில் விலை ஒப்பிடுவதாகச் சொல்லவே சொல்லாதீர்கள். அரைகுறை ஒப்பீடு நேர்மையான அதிகாரியைத்தான் முதலில் மாட்டிவிடும்.

படி 6: எப்படி அனுப்புவது

இரண்டு வழிகள். முதலாவது, கேட்டால் பதில்: தரவு அந்தந்தத் துறையிலேயே இருக்கும், தேவையானபோது ஏபிஐ (இரண்டு கணினி அமைப்புகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாகக் கேள்வி போய்ப் பதில் வரும். எஸ்தோனியா 2001 முதல் நடத்தும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு இந்த வகை. மையக் கிடங்கு கிடையாது. ஒவ்வொரு பரிமாற்றமும் மறைகுறியாக்கப்பட்டு, கையொப்பமும் நேரமுத்திரையும் பெற்று, பதிவாகிறது. தென்கொரியாவின் 2002-இல் தொடங்கிய மின்-கொள்முதல் தளமும் பல வெளி அமைப்புகளோடு இப்படி இணைந்திருப்பதால், நிறுவனங்கள் சான்றிதழ்களை ஒவ்வொரு முறையும் காகிதமாகக் கொண்டுவர வேண்டியதில்லை. தகுதிச் சரிபார்ப்புக்கு இந்த வழிதான் சரி.

இரண்டாவது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்து ஒரே இடத்தில் ஆராய்வது. ஆயிரக்கணக்கான டெண்டர்களில் திரும்பத் திரும்ப வரும் போக்குகளைத் தேட வேண்டுமானால் இதுதான் வழி. பிரேசிலின் மத்தியக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2008-இல் அமைத்த பொதுச்செலவுக் கண்காணிப்பு மையம் பல தரவுத்தளங்களை இணைத்து இப்படித்தான் ஆராயத் தொடங்கியது. இங்கே பிரதியை அணுகுபவர்கள் மிகச் சிலராக இருக்க வேண்டும், தனிநபர் அடையாளங்கள் மறைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏபிஐ கட்டப் பணமோ ஆளோ இல்லாத துறையும் இருக்கும். பாதுகாப்பான இடத்தில் வாராவாரம் ஏற்றப்படும் ஒரு கோப்புகூட நல்ல ஆரம்பமே. மின்னஞ்சலில் எக்செல் இணைப்பு மட்டும் வேண்டாம். அது எங்கெங்கே பிரதியாகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துறையின் சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பதில் வரவில்லை என்பதற்காக ஒரு நிறுவனத்தைத் தகுதியற்றது என்று தள்ளக் கூடாது. பழைய முறைப்படி சான்றிதழ் வாங்க வழி இருக்க வேண்டும்.

படி 7: எச்சரிக்கைக் குறிகளும் மனிதத் தீர்ப்பும்

தரவு இணைந்ததும் குறிகள் கொட்டத் தொடங்கும். இரண்டு போட்டியாளர்களுக்கு ஒரே முகவரி. டெண்டர் அறிவித்த பிறகு பதிவான நிறுவனம். ஒரே கணினியிலிருந்து வந்த மூன்று விலைப்புள்ளிகள். தோற்றவரே ஜெயித்தவரிடம் துணை ஒப்பந்தம் வாங்குவது. ஒவ்வொன்றும் சந்தேகம்தான், நிரூபணம் அல்ல. ஒரே கட்டடத்தில் நாற்பது நிறுவனங்கள் இருக்கலாம். ஒரே இணையச் சேவை மையத்திலிருந்து சிறு ஒப்பந்ததாரர்கள் எல்லாரும் விலைப்புள்ளி போடலாம்.

தென்கொரியாவின் போட்டி ஆணையம் 2006 முதல் நடத்தும் அமைப்பு, கொள்முதல் அமைப்புகளிடமிருந்து ஏல விவரங்களைத் தானாகப் பெற்று, மதிப்பீட்டோடு ஒப்பிட்ட வெற்றி விலை, போட்டியாளர் எண்ணிக்கை போன்றவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. அதிக மதிப்பெண் பெற்றவை விசாரணையாளர் மேசைக்குப் போகும், அவ்வளவுதான். ருமேனியாவின் பிரிவென்ட் அமைப்பு இன்னும் முன்னாலேயே தலையிடுகிறது: வாங்கும் அலுவலகம் தன் முடிவெடுப்பவர்களின் பெயரையும் போட்டியாளர்களையும் படிவத்தில் தர, தேர்வுக்கு முன்பே உறவோ பங்கோ இருக்கிறதா என்று மற்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, இருந்தால் நேர்மை ஆய்வாளர் எச்சரிக்கை அனுப்புகிறார். ஒப்பந்தம் முடிந்து ஐந்து வருடம் கழித்துத் தணிக்கை ஆட்சேபம் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மனிதர் பார்க்காமல் தரவுப் பொருத்தம் மட்டும் தீர்ப்பு எழுதினால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நலத்திட்டக் கடன் வசூல் விவகாரம் இருக்கிறது. வரித்துறையின் ஆண்டு வருமானத்தை இருவாரக் கணக்காகச் சராசரி பிரித்து, அதை நலத்துறைத் தரவோடு ஒப்பிட்டு, உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று இல்லாத கடனுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பினார்கள். 2023 ஜூலையில் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை அதைக் கடுமையாகச் சாடியது. கொள்முதலில் நடந்ததல்ல என்றாலும் பாடம் அப்படியே பொருந்தும்: ஒரு நோக்கத்துக்குச் சேர்த்த தரவை இன்னொரு நோக்கத்துக்கு எடுத்தபோது அதன் பொருள் மாறிவிட்டது.

எனவே மூன்று விதிகள். குறி எழுந்ததற்காக மட்டும் யாரையும் நிராகரிக்கக் கூடாது. நிறுவனத்திடம் காரணத்தைச் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும், பதிலுக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். குறியைப் பார்த்தும் தொடர்ந்து போக முடிவெடுத்த அதிகாரி காரணத்தை எழுதி வைத்தால், பின்னாளில் அது அவருக்கே பாதுகாப்பு. தினமும் ஐநூறு குறிகள் வந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆட்கள் எத்தனை பார்க்க முடியுமோ அந்த அளவுக்குக் குறி எழுவதற்கான வரம்பை உயர்த்துங்கள்.

படி 8: பணம் போன கதையையும் சேருங்கள்

தரவுப் பகிர்வு என்றாலே திருடனைப் பிடிப்பது என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய லாபம் பல நேரங்களில் கருவூலத் தரவில் இருக்கிறது. அரசு தாமதமாகப் பணம் தரும் என்று தெரிந்த ஒப்பந்ததாரர், அந்த வட்டியை விலையில் ஏற்றித்தான் கேட்பார். தாங்க முடியாத சிறு நிறுவனங்கள் போட்டிக்கே வர மாட்டார்கள். எந்த அலுவலகம் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறது என்பதைக் கொள்முதல் தரவோடு இணைத்துப் பாருங்கள். தாமதமான அலுவலகங்களில் போட்டியாளர் எண்ணிக்கை குறைகிறதா, விலை கூடுகிறதா என்று தெரிந்துவிடும். இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது அரசு அலுவலகமே என்பதால், இந்த இணைப்புக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். தலைமைச் செயலர் மட்டத்து ஆதரவை இதற்காகச் சேமித்து வையுங்கள்.

இன்னொரு பக்கம், ஒப்பந்தத் தொகையைத் தாண்டிப் பணம் போகாமல் தடுப்பது. பில்லில் ஒப்பந்த எண் இல்லாவிட்டால் கருவூலம் ஏற்காது என்ற ஒரே விதி, படி 5-இல் சொன்ன எண்ணை எல்லாரும் ஒழுங்காக எழுதும்படி செய்துவிடும். ஸ்லோவாக்கியா 2011-இல் இதே போக்கில் இன்னும் தூரம் போனது: இணையப் பதிவேட்டில் வெளியிடாத அரசு ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே கொண்டுவந்தது.

படி 9: சிறிதாக ஓட்டி, பிறகு விரிவாக்குங்கள்

முதல் சுற்றுக்கு ஒரு கேள்வி, இரண்டு துறைகள், ஒரு வகைக் கொள்முதல் போதும். எனக்குப் பிடித்த தொடக்கம் தடைப் பட்டியல்: எல்லாத் துறைகளும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன, சட்டச் சிக்கல் குறைவு, பலன் உடனே தெரியும். தடையின் தொடக்க நாள், முடிவு நாள், மேல்முறையீட்டு நிலை ஆகிய மூன்று புலங்களும் கட்டாயம் இருக்கட்டும். முடிவு நாள் இல்லாத பட்டியலில் தண்டனைக் காலம் முடிந்தவரும் ஆயுளுக்கும் மாட்டிக்கொள்வார்.

தொடங்குமுன் இன்றைய நிலையை அளந்து வையுங்கள்: தகுதிச் சரிபார்ப்புக்கு ஆகும் நாள்கள், ஒரு டெண்டருக்கு வரும் போட்டியாளர்கள், ஒற்றைப் போட்டியாளரோடு முடிந்தவற்றின் பங்கு, பணம் தர ஆகும் நாள்கள். இதை அளக்காமல் போனால் ஒரு வருடம் கழித்து என்ன மாறியது என்று உங்களுக்கே தெரியாது.

தரவு தரும் துறைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் யோசியுங்கள். வெறுமனே கொடுத்துக்கொண்டே இருக்கும் துறை சீக்கிரம் சோர்ந்துவிடும். வரித்துறைக்கு அரசு ஒப்பந்தங்களின் மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் விற்றுமுதலோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். பதிவாளருக்கு நீங்கள் கண்டுபிடித்த தவறான முகவரிகளை அனுப்புங்கள். பிழை கண்டால் உங்கள் பிரதியில் மட்டும் திருத்தாமல் மூலத்தில் திருத்தச் சொல்லுங்கள். இதற்கென்று ஒருவருக்குப் பொறுப்பும், வருடாந்திர நிதி ஒதுக்கீட்டில் ஒரு தலைப்பும் வேண்டும். திட்டப் பணம் தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும் இல்லாததே. அந்தப் பொறுப்பாளர் இடமாற்றலாகும்போது ஒப்படைக்க வேண்டியவற்றில் படி 2-இல் எழுதிய அகராதியும் படி 4-இல் சேமித்த பொருத்தப் பதிவுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போடுங்கள்.